அயோவாவில் அன்றிரவு நடப்பது கட்சிக் கூட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க அதிபர் வேட்பாளர் போட்டி சூடு பிடிக்கும் போதெல்லாம் அயோவா மாநிலத்தின் பெயர் தமிழ் நாளிதழ்களில் இரண்டு மூன்று நாள் அடிபடும். 'அயோவா வாக்குப்பதிவில் இன்னார் முன்னிலை', 'வாக்குச்சாவடிகளில் நீண்ட வரிசை' என்று செய்தி வரும். அன்று அயோவாவில் ஒரு வாக்குச்சாவடிகூடத் திறப்பதில்லை. இயந்திரமும் கிடையாது, அரசுத் தேர்தல் அலுவலரும் கிடையாது. பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்திலோ தேவாலயத்தின் அடித்தளத்திலோ நூலகத்திலோ கட்சிக்காரர்கள் கூடிக் கூட்டம் போடுகிறார்கள். அதற்குப் பெயர் காக்கஸ். கூட்டம் நடத்த வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. நடத்துவதும் எண்ணுவதும் முடிவு அனுப்புவதும் கட்சியின் தன்னார்வலர்கள். இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால், மறுநாள் பட்டியலில் வரும் எண்கள் எதுவும் சரியாகப் புரியாது. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகிறது.

கிளை, ஒன்றியம், மாவட்டம், மாநிலம் என்று கட்சி அமைப்பைப் பழகியவர்களுக்கு இதன் எலும்புக்கூடு எளிதில் பிடிபடும். அயோவாவில் நம் மாவட்டம் மாதிரி 99 கவுண்டிகள். அவற்றுக்குள் வாக்காளர்களைப் பிரித்த சிறு பகுதிகளாகச் சுமார் 1,700 வட்டங்கள். வட்டக் கூட்டத்தில் கவுண்டி மாநாட்டுக்கான பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கவுண்டி மாநாடு மேல்மட்டத்துக்கு ஆள் அனுப்புகிறது. இப்படிப் படிப்படியாக ஏறி, கட்சியின் அதிபர் வேட்பாளரை முடிவு செய்யக் கோடையில் நடக்கும் தேசிய மாநாட்டை அடைய வேண்டும். 1968இல் சிகாகோ மாநாடு அடிதடியில் முடிந்த பிறகு ஜனநாயகக் கட்சி விதிகளை மாற்றியது. ஒவ்வொரு படிக்கும் இடையே போதிய அவகாசம் வேண்டும் என்றானதும், 1972இல் அயோவா தன் முதல் படியைக் குளிர்காலத்துக்கு நகர்த்தியது. நாட்டிலேயே முதல் போட்டி என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1976இல் ஜிம்மி கார்ட்டர் இங்கே 'வென்றார்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த ஆண்டு முதலிடம் பிடித்தது 'யாருக்கும் உறுதி இல்லை' என்ற அணி, கார்ட்டர் இரண்டாவது.

இனி நடைமுறைக்கு வருகிறோம். கீழே சொல்வது ஜனநாயகக் கட்சி 2020 பிப்ரவரி 3 அன்று கடைப்பிடித்த விதி. நின்று அணி சேரும் பழைய முறை முழு வீச்சில் நடந்த கடைசி ஆண்டு அது.

கூட்டம் இரவு 7 மணிக்கு. ஏழு மணிக்குள் வரிசையில் நின்றவர்களை உள்ளே விட வேண்டும்; அதற்குப் பின் வருபவருக்கு இடமில்லை. வரிசை மெதுவாக நகரும் என்பதால் ஆறே காலுக்கே போய்விடுவது உத்தமம். மேசையில் வட்ட வாரியாக வாக்காளர் பட்டியல் இருக்கும். ஒரே பள்ளியில் மூன்று நான்கு வட்டங்களின் கூட்டம் நடப்பது சகஜம். உணவுக் கூடத்தில் ஒன்று, நூலகத்தில் இன்னொன்று என்று பிரித்திருப்பார்கள். தன் வட்ட எண் தெரியாமல் வருபவர் தவறான வரிசையில் இருபது நிமிடம் நின்றுவிட்டு, மேசையை நெருங்கும்போதுதான் பட்டியலில் தன் பெயர் இல்லை என்று அறிவார். அப்போது மணி 6.55 ஆகியிருக்கும். கூட்டத்தில் நடக்கும் சண்டைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

கட்சிப் பதிவு இல்லாதவரும் எதிர்க்கட்சியில் பதிந்தவரும் அங்கேயே படிவம் எழுதிக் கொடுத்துக் கட்சி மாறிக்கொள்ளலாம். நவம்பர் பொதுத்தேர்தல் நாளுக்குள் 18 வயது நிறைந்துவிடும் என்றால் 17 வயதுப் பிள்ளையும் பங்கெடுக்கலாம். குடியரசுக் கட்சிக் கூட்டத்துக்கு அடையாள அட்டையும் கொண்டுபோக வேண்டும்.

அமெரிக்காவில் வசிக்கும் தமிழர்களுக்கு இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பார்வையாளராகப் போய் ஓரமாக உட்கார்ந்து கவனிக்க யாருக்கும் தடையில்லை; விசாவில் இருப்பவரும் போகலாம். ஆனால் மேசையில் இருக்கும் தன்னார்வலர், வருகிற எல்லோருக்கும் சிரித்த முகத்தோடு ஒரு படிவத்தை நீட்டுவார். அது பெரும்பாலும் வாக்காளர் பதிவுப் படிவம். அதில் 'நான் அமெரிக்கக் குடிமகன்' என்ற வரி இருக்கும். கிரீன் கார்டு உள்ளவரோ எச்-1பி விசாவில் இருப்பவரோ அவசரத்தில் அதில் கையெழுத்துப் போட்டால், அது பொய்யாகக் குடியுரிமை கோரியதாகிவிடும். நாடு கடத்தவே இடம் தரும் தவறு அது. 'தெரியாமல் போட்டேன்' என்று பிறகு வழக்கறிஞர் செலவு செய்து நிரூபிக்க வேண்டிவரும். 'பார்க்க வந்தேன்' என்று வாயால் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். இன்னொன்று: கூட்டத்தின் நடுவே ஒரு பெரிய உறையோ தொப்பியோ கைக்குக் கை வரும். மண்டப வாடகைக்கும் கட்சிச் செலவுக்கும் ஐந்து, பத்து டாலர் போடுவார்கள். கிரீன் கார்டு உள்ளவர் போடலாம். விசாவில் இருப்பவர் போடக் கூடாது. தேர்தல் நிதி பற்றிய கூட்டாட்சிச் சட்டம் அதைத் தடுக்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் உறையை மரியாதையாகக் கடத்திவிட்டால் போதும்.

உள்ளே முதலில் தற்காலிகத் தலைவர் கூட்டத்தைத் தொடங்கிவைப்பார். பிறகு நிரந்தரத் தலைவரையும் செயலரையும் தேர்ந்தெடுப்பார்கள். பெரும்பாலும் அதே ஆள்தான் நிரந்தரத் தலைவராகவும் ஆவார். கடிதங்கள் வாசிப்பு, நன்றியுரை எல்லாம் உண்டு. அதன் பின் தலையெண்ணிக்கை. மொத்தம் எத்தனை பேர் என்ற இந்த ஓர் எண்ணைத் தவறவிட்டால் இரவு முழுக்கக் கணக்கு கோணலாகத்தான் போகும். எண்ணிக்கொண்டிருக்கும்போது ஒருவர் கழிப்பறைக்குப் போவார், இன்னொருவர் அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நிற்பார், ஓரத்தில் இருக்கும் இரண்டு பார்வையாளர்களைச் சேர்த்து எண்ணிவிடுவார்கள். அனுபவமுள்ள தலைவர் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து ஒன்று, இரண்டு என்று அவரவர் வாயாலேயே சொல்லச் சொல்வார். அந்தத் தொகை வாசல் மேசையில் பதிந்த தொகையோடு ஒத்துப்போன பிறகே அடுத்த வேலை.

அடுத்த வேலைதான் அணி சேர்தல். ஒவ்வொரு வேட்பாளருக்கும் சுவரில் ஒரு மூலை. அவரவர் ஆதரவாளர் அங்கே போய் நிற்க வேண்டும். எல்லார் கண்ணுக்கும் தெரியும்; ரகசியம் ஏதுமில்லை. வட்டத்துக்கு நான்கு அல்லது அதற்கு மேல் பிரதிநிதிகள் என்றால், ஓர் அணி தேறுவதற்கு வந்தவர்களில் 15 சதவீதம் பேராவது அதில் நிற்க வேண்டும். மூன்று பிரதிநிதி என்றால் ஆறில் ஒரு பங்கு, இரண்டு என்றால் நான்கில் ஒரு பங்கு. ஒரே ஒரு பிரதிநிதி என்றால் இந்த வாசற்படியே கிடையாது; பெரும்பான்மை யாருக்கோ அவருக்கே. கணக்கில் பின்னம் வந்தால் எப்போதும் மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். இதைத்தான் புதிய தலைவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். எண்களைப் புரிவதற்காக நாங்களே போட்டுக்கொண்டோம். வட்டத்துக்கு 6 பிரதிநிதிகள், வந்திருப்போர் 122 பேர். 122இல் 15 சதவீதம் 18.3. எனவே தேற 19 பேர் வேண்டும், 18 போதாது. முதல் சுற்றில் அ அணியில் 41 பேர், ஆ அணியில் 33, இ அணியில் 20, ஈ அணியில் 14, உ அணியில் 10, முடிவெடுக்காமல் நடுவில் நிற்பவர் 4 பேர். அ, ஆ, இ மூன்றும் தேறிவிட்டன. 2020 விதிப்படி தேறிய அணியில் இருப்பவர் இனி நகர முடியாது. தன் விருப்பத்தை எழுதிய அட்டையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகலாம். மீதி 28 பேருக்குக் கால் மணி நேரம். அதற்குள் வேறு அணிக்குப் போகலாம், அல்லது தங்களுக்குள் சேர்ந்து புதிதாக ஓர் அணியைத் தேற்றலாம்.

அந்தக் கால் மணி நேரத்தில் இந்த 28 பேரைச் சுற்றித்தான் கூட்டம் மொய்க்கும். ஈ அணிக்கு இன்னும் ஐந்தே பேர் தேவை. உ அணியில் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஈ அணியின் தளபதி — வட்டத் தளபதி என்றுதான் அவரைச் சொல்கிறார்கள், வேட்பாளர் தரப்பில் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர் — நேராக உ அணியிடம் போய், தன் வேட்பாளரின் பெருமையைப் பேசினால் தோற்றார். அந்தப் பத்துப் பேருக்கு ஏற்கெனவே ஓர் ஆள் பிடித்திருக்கிறது. எடுபடுவது பேரம்தான். 'உங்களில் ஆறு பேர் வாருங்கள், எங்களுக்குக் கிடைக்கும் பிரதிநிதி இடத்தை உங்களில் ஒருவருக்கே தருகிறோம்' என்றால் காது கொடுப்பார்கள். 'சுகாதாரக் காப்பீடு பற்றிய உங்கள் தீர்மானத்துக்கு எங்கள் ஓட்டு' என்றாலும் வேலை நடக்கும். அண்டை வீட்டுக்காரர், பிள்ளையின் ஆசிரியை, தேவாலயத்தில் பழக்கமானவர் என்று ஒருவருக்கொருவர் தெரிந்த முகங்கள் என்பதால் பேச்சு சீக்கிரம் நெருக்கமாகிவிடும். கடையில் வேலை செய்பவர், முதலாளி எதிர் மூலையில் நிற்கும்போது மனதில் பட்ட இடத்தில் நிற்பாரா என்ற கேள்வியும் இங்கேதான் எழுகிறது. வெளிப்படையான அணிவகுப்பை ஜனநாயகத்தின் அழகு என்று புகழ்பவர்கள் அதற்குச் சரியான பதில் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

பேரம் படிந்து உ அணியிலிருந்து 6 பேர் ஈ அணிக்குப் போனதாக வைத்துக்கொள்வோம். ஈ 20 ஆகித் தேறிவிட்டது. மீதி எட்டுப் பேரில் 3 பேர் அ பக்கம், 2 பேர் ஆ பக்கம், ஒருவர் இ பக்கம், 2 பேர் கோபித்துக்கொண்டு வீட்டுக்கு. இறுதிக் கணக்கு 44, 35, 21, 20. இப்போது அணியின் ஆட்களைப் பிரதிநிதி எண்ணிக்கையால் பெருக்கி, முதலில் எண்ணிய மொத்தத்தால் வகுக்க வேண்டும். இருவர் போய்விட்டார்கள் என்று 120ஆல் வகுக்கக் கூடாது, 122தான். அ அணிக்கு 2.16, ஆவுக்கு 1.72, இக்கு 1.03, ஈக்கு 0.98. முழுமையாக்கினால் 2, 2, 1, 1. ஒன்பது பேர் கூடுதலாக வைத்திருந்த அ அணிக்கும் ஆ அணிக்கும் ஒரே பங்கு. 14 பேரோடு மூலையில் தவித்த அணிக்கு ஒரு முழு இடம். மறுநாள் 'இன்னாருக்கு இத்தனை சதவீதம்' என்று அச்சாவது ஆறில் இரண்டு, ஆறில் ஒன்று என்ற இந்தப் பங்குகளை மாநிலம் முழுவதும் கூட்டிய கணக்கு.

முழுமையாக்கும்போது ஓர் இடம் குறைந்தும் போகலாம். அதே 122 பேர் 49, 49, 24 என்று பிரிந்தால் 2.41, 2.41, 1.18 வரும். 2, 2, 1 சேர்த்தால் ஐந்துதான். மிச்ச இடம் பின்னம் பெரிதாக உள்ள அணிக்குப் போக வேண்டும். இங்கே இரண்டு அணிக்கும் ஒரே பின்னம். அப்போதுதான் நாணயம் சுண்டுகிறார்கள். 2016இல் ஹிலாரி கிளின்டனுக்கும் பெர்னி சாண்டர்ஸுக்கும் இடையே நடந்த போட்டியில் 'நாணயம் சுண்டி வென்றார்' என்று உலகமே சிரித்தது. அன்று மாநிலம் முழுவதும் தேர்வானவர்கள் சுமார் 11,000 கவுண்டிப் பிரதிநிதிகள். வெளியிடப்பட்ட முடிவோ மாநில மாநாட்டுக்கான சுமார் 1,400 மாநிலப் பிரதிநிதிகள் என்ற கணக்கில். ஒரு நாணயம் மாற்றுவது ஒரு கவுண்டிப் பிரதிநிதியை. மாநிலக் கணக்கில் அது சுமார் எட்டில் ஒரு பங்கு. அந்த ஆண்டு இருவருக்கும் இடைவெளி 49.8க்கும் 49.6க்கும் இடையே என்பதால்தான் நாணயத்துக்கு அத்தனை புகழ்.

2016 வரை ஜனநாயகக் கட்சி வெளியிட்டது அந்த மாநிலப் பிரதிநிதிக் கணக்கை மட்டும்தான். எத்தனை பேர் யார் பக்கம் நின்றார்கள் என்பதைச் சொன்னதே இல்லை. சாண்டர்ஸ் தரப்பு விடாமல் கேட்டதால் 2020இல் மூன்று எண்களையும் வெளியிட்டார்கள்: முதல் அணி சேர்தலில் எத்தனை பேர், இறுதியில் எத்தனை பேர், மாநிலப் பிரதிநிதிக் கணக்கு எவ்வளவு. மறு எண்ணிக்கைக்கு ஆதாரம் வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டையும் கொடுத்தார்கள். முன்பக்கம் 1 என்று போட்டிருக்கும். முதல் விருப்பத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அணி தேறாதவர் மட்டும் பின்பக்கம் 2 என்ற இடத்தில் எழுத வேண்டும். ஆர்வக்கோளாறில் இரண்டு பக்கமும் எழுதுவது, அட்டையைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு காருக்குப் போய்விடுவது, இந்த இரண்டும்தான் அட்டையைக் கெடுக்கும் பிழைகள். அட்டைக் கட்டின் எண்ணிக்கை அணியின் எண்ணிக்கையோடு பொருந்தும்வரை தளபதி கதவருகே நிற்பது நல்லது.

அந்த இரவு கவிழ்ந்தது கூட்ட அறையில் அல்ல, முடிவை அனுப்பும் இடத்தில். கைப்பேசிச் செயலி ஒன்றைக் கடைசி நேரத்தில் கொடுத்தார்கள். பலர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. உள்நுழையவே முடியாமல் பலர் திணறினார்கள். உள்ளே போன தகவலில் ஒரு பகுதியை மட்டுமே செயலி மேலே தள்ளியது. நிரலில் இருந்த பிழை. சரி, பழையபடி தொலைபேசியில் சொல்லலாம் என்றால் அந்த எண் இணையத்தில் வெளியாகி, வேண்டாதவர்கள் அழைத்து வழியை அடைத்துவிட்டார்கள். வட்டத் தலைவர்கள் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். மறுநாள் மாலைதான் முதல் பகுதி முடிவு வந்தது. முழுசாக வர வியாழக்கிழமை ஆனது. நூறுக்கும் மேற்பட்ட வட்டங்களின் கணக்கில் ஒன்றுக்கொன்று ஒவ்வாத எண்கள் இருந்தன. தலைவரும் செயலரும் கையெழுத்திட்ட தாளைத் திருத்தச் சட்டம் இடம் தரவில்லை என்று கட்சி கைவிரித்தது. மாநிலக் கட்சித் தலைவர் பதவி விலகினார். முதல் சுற்றிலும் இறுதிச் சுற்றிலும் அதிக ஆட்கள் நின்றது சாண்டர்ஸ் பக்கம். மாநிலப் பிரதிநிதிக் கணக்கில் பீட் புட்டிஜெஜ் மயிரிழையில் முந்தினார். தேசிய மாநாட்டுக்கான 41 இடங்களில் அவருக்கு 14, சாண்டர்ஸுக்கு 12. 'வென்றவர் யார்' என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அறிவிக்க மறுத்துவிட்டது. அதுதான் நேர்மையான தலைப்பு.

குடியரசுக் கட்சியின் கூட்டம் இதைவிட எளிது. வேட்பாளருக்கு ஒருவராகச் சிறு பேச்சு, பிறகு துண்டுச் சீட்டில் ரகசிய வாக்கு, எல்லார் முன்னிலையிலும் எண்ணிக்கை. மூலையும் இல்லை, 15 சதவீதமும் இல்லை. எளிமையிலும் வழுக்கலாம் என்பதற்கு 2012 சாட்சி. ஜனவரி 3 இரவு மிட் ரோம்னி 8 வாக்கில் முன்னிலை என்றார்கள். அப்பனூஸ் கவுண்டியில் ஒரு வட்டத்தில் ரோம்னிக்கு விழுந்தவை 2 சீட்டுகள். கட்சியின் பட்டியலில் அது 22 என்று ஏறியிருந்தது. எண்ணும்போது தனியாகக் குறித்துவைத்திருந்த ஒருவர் இதைச் சொன்ன பிறகுதான் பிழை வெளியே தெரிந்தது. இரண்டு வாரம் கழித்துச் சரிபார்த்த கணக்கில் ரிக் சான்டோரம் 34 வாக்கு கூடுதல். அதிலும் எட்டு வட்டங்களின் கணக்குத் தாள் கடைசிவரை கிடைக்கவே இல்லை. கூட்டத்துக்குப் போகிறவர் ஒரு பேனாவும் தாளும் எடுத்துப்போய், அறிவிக்கும் எண்களைக் குறித்துக்கொண்டு, தலைவர் மேலே அனுப்பும் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துவிடலாம்.

அதே 2012இல்தான் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. வாக்கு எண்ணி முடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு பெரும்பாலோர் கிளம்பிவிடுவார்கள். கூட்டத்தின் சட்டபூர்வமான வேலை அதற்குப் பிறகுதான்: கவுண்டி மாநாட்டுக்குப் பிரதிநிதி, மாற்றுப் பிரதிநிதி, வட்டத்துக்கு இரண்டு கட்சிக் குழு உறுப்பினர், கொள்கை அறிக்கைக்கான தீர்மானங்கள். அந்த நாளில் சீட்டு வாக்கு பிரதிநிதிகளைக் கட்டுப்படுத்தாது. ரான் பால் மூன்றாம் இடம்தான். ஆனால் அவருடைய ஆட்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்து, காலியான இடங்களுக்கெல்லாம் பெயர் கொடுத்தார்கள். மாநாட்டுக்கு மாநாடு தவறாமல் வந்தார்கள். கோடையில் டாம்பாவில் நடந்த தேசிய மாநாட்டில் அயோவாவின் 28 வாக்குகளில் 22 ரான் பாலுக்கு விழுந்தன. அடுத்த முறை கட்சி விதியை மாற்றி அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. நெவாடாவில் ஜனநாயகக் கட்சிக்கும் 2016இல் இதே பாடம். பிப்ரவரியில் ஹிலாரி ஆட்கள் அதிகம் தேர்வானார்கள். ஏப்ரலில் கிளார்க் கவுண்டி மாநாட்டுக்கு வந்து உட்கார்ந்தவர்களில் சாண்டர்ஸ் ஆட்கள் அதிகம். மே மாதம் மாநில மாநாட்டில் அது பெரிய ரகளையாக வெடித்தது.

பிரதிநிதியாகப் பெயர் கொடுப்பவருக்கு: மார்ச்சில் ஒரு சனிக்கிழமை முழுதாகப் போய்விடும். வர முடியாதென்று தெரிந்தால் மாற்றுப் பிரதிநிதிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் நாற்காலி காலியாக இருந்தால் எதிர் அணியின் கை ஓங்கும்.

வர முடியாதவர்களின் கதையைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமையாகாது. வாரநாள் இரவு ஏழு மணிக்கு மருத்துவமனைச் செவிலியர், இறைச்சி ஆலையின் இரண்டாம் ஷிப்டுத் தொழிலாளி, கைக்குழந்தைக்காரி, பனியில் கார் ஓட்டத் தயங்கும் முதியவர் எவருக்கும் இடமில்லை. 2020இல் இதற்காகத் துணைக் கூட்டங்கள் வைத்தார்கள். கிளாஸ்கோ, பாரிஸ், திபிலிசி நகரங்களில்கூட நடந்தன. 2024 ஜனவரி 15 அன்று குடியரசுக் கட்சிக் கூட்டத்தின்போது தலைநகர் டெமாய்னில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது. வந்தவர்கள் சுமார் 1,10,000 பேர். 2016இல் 1,86,000க்கும் மேல். சில அறைகளில் பேச்சு முடிந்து சீட்டுக் கொடுப்பதற்கு முன்பே 'டிரம்ப் வென்றார்' என்று கைப்பேசியில் செய்தி வந்துவிட்டது. தோற்ற தரப்பு கொதித்தது நியாயம்தான். தமிழ் பேசும் பாலக்காட்டுக் குடும்பத்து விவேக் ராமசாமி அன்று சுமார் 8 சதவீதத்தோடு நான்காம் இடம் பிடித்து, அன்றிரவே விலகினார். நம் பத்திரிகைகள் அவரைப் பற்றி நிறைய எழுதின. அந்த 8 சதவீதம் துண்டுச் சீட்டில் விழுந்த நேரடி வாக்கு. 2016இல் ஹிலாரிக்கு அச்சான 49.8 சதவீதம் பிரதிநிதிக் கணக்கு. இரண்டையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டால் தவறாகிவிடும்.

ஜனநாயகக் கட்சி 2024இல் அயோவாவை முதல் வரிசையிலிருந்து இறக்கிவிட்டது. கூட்டம் கட்சி வேலைக்காக மட்டும் நடந்தது. வேட்பாளர் விருப்பத்தை அஞ்சல் அட்டையில் வாங்கி மார்ச் 5 அன்று முடிவு சொன்னார்கள். நெவாடாவில் அதே ஆண்டு குடியரசுக் கட்சிக்கு அரசு நடத்திய தேர்தல் ஒரு நாள், கட்சி நடத்திய காக்கஸ் இரண்டு நாள் கழித்து. பிரதிநிதிகள் கிடைத்தது காக்கஸில் மட்டும். நிக்கி ஹேலி போட்டியிட்டது பிரதிநிதி ஏதும் இல்லாத முதல் தேர்தலில். அங்கும் 'இவர்களில் எவரும் இல்லை' என்ற கட்டத்திடம் தோற்றார்.

ஆசிரியருக்கு எங்கள் வேண்டுகோள் சின்னதுதான். அடுத்த முறை செய்தி மொழிபெயர்க்கும் நண்பர்கள் காக்கஸ் நடந்த இடத்தை 'வாக்குச்சாவடி' என்று எழுதாமல் 'கட்சிக் கூட்டம்' என்று எழுதட்டும். ஜனநாயகக் கட்சிப் பட்டியல் வந்தால், அது ஆட்களின் எண்ணிக்கையா பிரதிநிதிக் கணக்கா என்று தலைப்பிலேயே போடட்டும். அப்புறம், அயோவாவின் தலைநகரை 'டெஸ் மோய்ன்ஸ்' என்று அச்சடிக்கிறீர்கள். உள்ளூரில் இரண்டு 'ஸ்' ஒலியும் கிடையாது. டெமாய்ன் என்றுதான் சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்கள் சிலர்,
டெமாய்ன், அயோவா